இரும்பு நுழையாத காடு

முதலில் என் கண்ணில் பட்டவை அந்தக் கைகள்தான். முழங்கை வரைக்கும் உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒற்றையடிப் பாதையை மறித்து நின்றார்கள். உப்புப் பாத்தியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். அவர்கள் காலிலிருந்து சொட்டிய தண்ணீர் மணலில் இன்னும் காயவில்லை.

அவர்களுக்குப் பின்னால் காடு. மரக்காணத்து உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு மணல்மேட்டின் மீது கறுப்புப் பச்சையாக அடர்ந்து நின்றது. சுற்றிலும் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை. அந்த ஒரு மேட்டில் மட்டும் நிழல்.

என் பக்கத்தில் செயின்மேன் கன்னியப்பன், அளவைச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவர் ஓர் அடி எடுத்து வைத்ததும் சங்கிலி கலகலத்தது. முன்னால் நின்ற பெண் கையை நீட்டித் தடுத்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"சார், நீங்க வரலாம். அது வராது."

"எது?"

"அந்த இரும்பு. அம்மன் காட்டுக்குள்ள இரும்பு போவக் கூடாது."

"இது வெட்டுற சாமான் இல்லம்மா. அளக்கிற சங்கிலி."

"அளந்த அப்பாலதானே வெட்டுவீங்க?"

அவர் சொன்னது உண்மை. எவ்வளவு உண்மை என்பது அங்கே நின்ற எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

மலையில் நான் எழுதிய இரண்டு சொல்

இந்தத் தொடரைப் படித்துவரும் வாசகர் ஒருவர், "மலையில் சர்வேயராக வேலை பார்த்தவர் ஏன் கடற்கரைக்கு வந்தீர்கள்?" என்று கேட்டு எழுதியிருந்தார். இத்தனை வாரமாக நான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த கேள்வி அது. இன்று சொல்லாமல் இந்தக் கதையை மேலே கொண்டுபோக முடியாது.

வேலையில் சேர்ந்த புதிதில் என்னை ஜவ்வாது மலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கிராமத்தில், சரிவெல்லாம் சாமை விதைத்திருந்த நிலத்துக்கு நடுவே ஒரு துண்டு மட்டும் கைபடாமல் மரமும் கொடியுமாகக் கிடந்தது. உள்ளே ஒரு கல். அதுதான் சாமி. அளந்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மதியத்துக்குள் முடித்தால் கீழே இறங்கும் லாரியைப் பிடிக்கலாம். குறிப்பேட்டில் 'புதர் தரிசு' என்று எழுதிவிட்டு இறங்கிவிட்டேன்.

தரிசு என்று பதிவானால் அந்த இடத்தை யாருக்கு வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுத்தார்கள். மரங்களை எடுத்துவிட்டு வரிசையாகத் தைலமரம் வைத்தார்கள். கல்லை மட்டும் பக்குவமாகத் தூக்கிவந்து ரோட்டோரம் வைத்து, மேலே ஓட்டுக்கூரையும் போட்டுக் கொடுத்தார்கள். சாமிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

இரண்டு மூன்று வருடம் கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனேன். முதல் தடவை போனபோது நிலத்துக்கு நிலம் கதிரின் நிறமும் உயரமும் வேறு வேறாக இருந்தது எனக்கு நினைவிருந்தது. இப்போது எங்கே பார்த்தாலும் ஒரே சாமை. மழை தவறியதில் பாதி கருகியிருந்தது. களத்தில் நின்ற ஒரு பெண்ணிடம், மற்றச் சாமையெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"காட்டுப் பூசைக்கு வீட்டுக்கு ஒரு படி தானியம் கொண்ணாந்து கொட்டுவோம் சார். பூசை முடிஞ்சதும் இவங்க விதைய அவங்க எடுத்துப்பாங்க, அவங்க விதைய இவங்க எடுத்துப்பாங்க. காத்துக்குச் சாயாத சாமை ஒரு வீட்ல இருக்கும். காஞ்சாலும் தாங்கறது இன்னொரு வீட்ல இருக்கும். இப்ப காடு இல்ல, பூசை இல்ல. எங்க போயி மாத்திக்கிறது?"

"ரோட்டுல கோயில் இருக்குதே?"

"அங்க லாரிதான் போவுது" என்றார் அவர்.

காட்டை அளந்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. காடு போனதும் பூசை போயிற்று. பூசை போனதும் விதை போயிற்று. மூன்றையும் என் இரண்டு சொல் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அந்த மலையில் என்னால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. மாற்றல் கேட்டேன். மரக்காணம் கிடைத்தது. மலையே கண்ணில் படாத ஊர், நிம்மதி என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கேட்டேன்

அன்று அளக்காமல் திரும்பினேன். அலுவலகத்தில் என் மேலதிகாரி ஃபைலை என் பக்கம் நகர்த்தினார். அந்த மேட்டை மட்டமாக்கி உப்புப் பாத்தி போடுவதற்குக் குத்தகை கேட்டு ஒருவர் விண்ணப்பித்திருந்தார். செல்வாக்கான ஆள்.

"பொம்பளைங்க நிறுத்தினாங்கன்னு வந்து நிக்கிறியே. போலீஸைக் கூட்டிட்டுப் போ. ஒரு மணி நேர வேலை. புதர் தரிசுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போய்ட்டே இரு."

அதே இரண்டு சொல். அவர் வாயிலிருந்து வந்தபோது என் காது சூடாகிவிட்டது.

"ஒரு வாரம் குடுங்க சார். போலீஸ் இல்லாமலே அளந்துட்டு வர்றேன்" என்றேன். நான் அப்போது நிரந்தரமாக்கப்படாத ஊழியன். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் மனைவி பிலோமினாவுக்கு அது ஆறாம் மாதம்.

மறுநாள் காலை நானும் கன்னியப்பனும் சங்கிலியை எடுக்காமல் உப்பளத்துக்குப் போனோம். அஞ்சலை பாத்தியில் நீளப் பிடி போட்ட பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார். பலகையை நிறுத்தாமலே பேசினார்.

"மறுபடியும் வந்துட்டீங்களா?"

"அம்மா, நான் அளக்கலேன்னா அங்க ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே தரிசுன்னு எழுதிடுவாங்க. உள்ள என்ன இருக்குதுன்னு எழுதணும்னா, அளந்துதான் எழுதணும். எழுத விடுங்க."

"உள்ள இருக்கறத அப்படியே எழுதுவீங்களா?"

"எழுதுவேன்."

"எழுதலேன்னா?"

இதற்கு என்ன உத்தரவாதம் கொடுப்பது? மலையில் நடந்ததைச் சொன்னேன். கன்னியப்பனுக்கே அதுவரை தெரியாது. வெயிலில் உப்புக்கு நடுவே நின்றுகொண்டு, நான் எழுதிய இரண்டு சொல்லையும் அதனால் போனதையும் முழுதாகச் சொல்லி முடித்தேன்.

அஞ்சலை பலகையை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இரும்பு இல்லாம எதுல அளப்பீங்க?" என்று கேட்டார்.

"கயித்துல அளக்கலாம். நீளாத கயிறா இருக்கணும்."

"அது குப்பத்துலதான் இருக்குது. தேசப்பன் அண்ணனக் கேக்கணும்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "அங்கதான் சிக்கல்" என்றார்.

சிமெண்டுக் கோயில்

தேசப்பன் மீனவர் குப்பத்தின் தலைவர். நல்ல மனிதர், குரல்தான் பெரிது. குத்தகை கேட்ட ஆள் ஏற்கெனவே அவரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். காட்டுக்குள் மண்ணிலும் கல்லிலும் இருக்கும் அம்மனுக்கு ரோட்டோரமாகச் சிமெண்டில் கோயில், கோபுரம், ட்யூப்லைட் எல்லாம் தன் செலவிலேயே செய்து தருவதாக வாக்கு. குப்பத்தில் பாதிப் பேருக்கு அதில் ஆசை வந்துவிட்டது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து ஊர்க் கோயிலெல்லாம் வண்ணம் பூசி நிற்கும்போது, தங்கள் அம்மன் மட்டும் புதருக்குள் இருப்பது அவர்களுக்குக் குறையாகத்தான் தெரிந்தது.

கட்டுமரங்கள் கரையேறிய நேரம். மீனைப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை நேராக தேசப்பன் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, சர்வேயருக்குக் கயிறு வேணுமாம்."

"எதுக்கு? அம்மனுக்குக் கோயில் வரப்போவுது. நீங்க ஏன் குறுக்க நிக்கறீங்க? வெயில்லயும் மழையிலயும் கெடக்குது சாமி."

"சாமி வெயில்ல எங்கண்ணே கெடக்குது? ஊர்லயே அது ஒண்ணுதான் நெழல்ல இருக்குது. நாமதான் வெயில்ல கெடக்கறோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தேசப்பனுக்குக் கோபம். "கோபுரம் வந்தா நம்ம ஊருக்கு ஒரு மதிப்பு வரும்மா" என்றார்.

"சரி, வரட்டும். கடல்ல இருந்து பாத்தா அந்தக் கோபுரம் தெரியுமா?"

தேசப்பன் கடல் பக்கம் திரும்பினார். எனக்குக் கேள்வி புரியவில்லை. கன்னியப்பன் என் காதருகே விளக்கினார். ஆழக் கடலிலிருந்து பார்த்தால் கரை முழுக்க மணலும் உப்பும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியுமாம். அந்த வெள்ளைக்கு நடுவே அம்மன் காடு மட்டும் கறுப்பாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் ஊர் எங்கே என்று கட்டுமரத்தைத் திருப்புவார்கள்.

"உங்க அப்பா அந்தக் கறுப்பப் பாத்துதான் கரைக்கு வந்தாரு" என்று அஞ்சலை மேலும் சொன்னார். "மேட்ட மட்டமாக்கி அதுக்கு மேல உப்பு போட்டாங்கன்னா, நீ எதப் பாத்து வருவ? எங்களுக்கு அங்கதான் நல்ல தண்ணி ஊத்து. உங்க ஊட்டுப் பொண்ணுங்களும் அங்கதானே கொடம் தூக்கிட்டு வர்றாங்க? மரம் போனா ஊத்து உப்பாயிடும். சாமிய ரோட்டுக்குத் தூக்கிட்டு வரலாம். ஊத்தத் தூக்கிட்டு வருவாரா அந்த ஆளு?"

தேசப்பன் கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். காரியம் கெட்டது என்று நான் திரும்பினேன்.

மறுநாள் விடிந்ததும் கதவைத் தட்டும் சத்தம். தேசப்பனே வந்திருந்தார். தோளில் ஒரு பெரிய கயிற்றுச் சுருள்.

"வருசக்கணக்கா கடல்ல ஊறினது. இதுக்கு மேல நீளாது. அளந்துக்கோ" என்றார்.

உள்ளே

காட்டின் விளிம்பில் இரும்பையெல்லாம் கழற்றி வைத்தோம். பெல்ட்டின் கொக்கி, பேனாக்கத்தி, சாவிக்கொத்து, செங்கோணம் பார்க்கும் குறுக்குக் கோலின் அடியிலிருந்த இரும்பு முனை. செருப்பும் வெளியே. அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டையில என்னா சார் அது?"

பொத்தான் போன இடத்தில் பிலோமினா குத்திவிட்ட ஊக்கு. அதையும் எடுத்தேன். வேலை முடியும் வரை தினமும் சட்டை திறந்தபடிதான் அளந்தேன்.

"கழுத்துல சிலுவை இருக்குதே. வெள்ளி. நான் கிறிஸ்தவன்" என்றேன்.

"வெள்ளி பரவால்ல. யாரு சாமியா இருந்தாலும் வெளிய நிக்க வைக்கக் கூடாது" என்றார்.

கயிற்றில் அளப்பது லேசான காரியமில்லை. எவ்வளவு ஊறிய கயிறானாலும் வெயிலேறினால் ஒரு நீளம், காலைப் பனியில் கொஞ்சம் வேறு. அதனால் சங்கிலியைக் காட்டுக்கு வெளியே மணலில் நீட்டிப் போட்டுவிட்டு, பத்துக் கயிறு அளந்ததும் வெளியே வந்து சங்கிலியோடு கயிற்றை ஒத்துப் பார்ப்போம். எவ்வளவு வித்தியாசம் என்று உடனே எழுதிக்கொள்வேன். ஒரு மணி நேர வேலைக்கு ஆறு நாள் ஆனது.

அந்த ஆறு நாளில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். வெளியே மணல் காலைச் சுட்டது. பத்தடி உள்ளே போனால் பாதத்தில் சில்லென்று இலைச் சருகு. வீரை, பாலை, குருந்து, காயா, புங்கு என்று கிளை கோத்துக்கொண்டு நின்றன. கொண்டைக்குருவியும் மாங்குயிலும் தலைக்கு மேலே கத்தின. நடுவில் ஊற்று. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், உப்பளத்தை ஒட்டி, அந்தத் தண்ணீர் இளநீர் போல இருந்தது.

மரத்துக்கு மரம் பெண்கள் நின்று சொன்னார்கள். நான் எழுதினேன். உப்புத் தண்ணீரில் வெடித்த காலுக்குப் புங்கங்கொட்டை எண்ணெய். உடம்பு வலிக்கு நொச்சி. எதையும் ஒடிக்கக் கூடாது. கீழே விழுந்ததைத்தான் எடுக்கலாம்.

வைகாசித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் பதினைந்து நாள் கீழே விழுந்த சுள்ளியைக்கூடத் தொட மாட்டார்களாம். ஊற்றுக்குப் போகும் ஒரு பாதையைத் தவிர வேறெங்கும் கால் வைக்க மாட்டார்களாம். ஏன் என்று கேட்டேன்.

"காட்டுக்குப் பத்தியம் சார். புள்ள பெத்தவளுக்கு இருக்குதே, அந்த மாதிரி."

கீழே குனிந்து பார்த்தேன். பாலைப் பழம் பழுப்பதும் வீரை பழுப்பதும் அந்த நாட்களை ஒட்டித்தான். குருவிகள் தின்று போட்ட கொட்டைகள் மிதிபடாமல் முளைத்து, ஒரு சாண், இரண்டு சாண் என்று கன்றுகளாக நின்றன. அந்தக் காட்டுக்கு விதை போட்டது குருவி, வேலி போட்டது திருவிழா. திருவிழாவை ரோட்டுக்குக் கொண்டுபோனால் வேலி போய்விடும்.

மலையில் அன்றைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக நின்று கேட்டிருந்தால் எனக்கு இது அப்போதே தெரிந்திருக்கும்.

கார்பன் தாள்

வீட்டில் பிலோமினாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பயந்தாள். பயப்படாமல் என்ன செய்வாள்?

"வேலையே நிரந்தரமில்ல. பெரியவங்களோட எதுக்குங்க மோதறீங்க? இந்த நேரத்துல வேலை போச்சுன்னா எங்க போறது?"

"இன்னொரு தடவை அந்த ரெண்டு சொல்ல எழுத என்னால முடியாது" என்றேன்.

அவள் சோற்றை வடித்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "அப்ப கார்பன் வச்சு எழுதுங்க. நீங்க எழுதினதுதான்னு காட்ட ஒரு காப்பி உங்க கையில இருக்கட்டும்" என்றாள். திருமணத்துக்கு முன் திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் படித்தவள். அவளுடைய பழைய புத்தகத்துக்குள் இரண்டு கார்பன் தாள்கள் மடங்காமல் இருந்தன.

எழுதினேன். 'கோயில் காடு. நன்னீர் ஊற்று உள்ளது. இரண்டு ஊர்களின் பொது உபயோகம். வழிபாட்டு விதிகளால் பாதுகாக்கப்படுகிறது.' கீழே மரங்களின் பெயர், ஊற்றின் இடம், திருவிழா நாட்களின் கட்டுப்பாடு. அதற்கும் கீழே கயிற்றையும் சங்கிலியையும் ஒத்துப் பார்த்த பட்டியல், ஒன்று விடாமல்.

மேலதிகாரி அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெச்சிட்டுப் போ" என்றார்.

ஜமாபந்தி

வருடத்துக்கு ஒரு தடவை பெரிய அதிகாரி வந்து கிராமக் கணக்கைப் பார்த்து, மனு வாங்கும் நாள் ஜமாபந்தி. பந்தல் போட்டு மேசை நாற்காலி போட்டிருந்தார்கள். உப்பளத்துப் பெண்களும் குப்பத்து ஆண்களும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்கள் ஃபைல் வந்தது. பெரிய அதிகாரி வாசித்தார். "புதர் தரிசு. ஆட்சேபணை இல்லை."

அலுவலகத்தில் யாரோ சுத்தமாக நகல் எடுக்கிறேன் என்று என் குறிப்பை அடியோடு மாற்றியிருந்தார்கள். அஞ்சலை திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. ஏமாந்துவிட்டோமா என்று கேட்கும் பார்வை.

எழுந்தேன். "சார், அது நான் எழுதினது இல்லைங்க" என்றேன்.

என் மேலதிகாரி குறுக்கிட்டார். "இவர் சங்கிலியில அளக்கல சார். கயித்துல அளந்திருக்கார். அது செல்லாது. அதனாலதான் திருத்த வேண்டியதாச்சு."

"கயித்துலயா?" பெரிய அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

நான் கார்பன் காப்பியை மேசையில் வைத்தேன். ஒத்துப் பார்த்த பட்டியலில் அவர் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார்.

"சங்கிலி தேய்ஞ்சிருக்குதான்னு பாத்துத்தான் அளக்கறீங்களா எல்லாரும்?" என்று என் மேலதிகாரியிடம் கேட்டார். "இந்த ஆள் பத்து அளவுக்கு ஒரு தடவை பாத்திருக்கார். அளவு செல்லும்."

வனத்துறையைச் சேர்ந்த ஒருவரும் அங்கே இருந்தார். நல்ல எண்ணத்தோடுதான் பேசினார். அபூர்வமான மரங்கள், சுற்றிலும் முள்கம்பி போட்டு ஆள் நுழையாமல் காப்பாற்றலாம் என்றார். நான்கூட ஒரு நிமிடம் சரி என்று நினைத்துவிட்டேன்.

அஞ்சலை எழுந்தார். "ஐயா, கம்பி இரும்புதானுங்களே?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எங்கள வெளிய நிறுத்திட்டு மரத்த மட்டும் வச்சிப்பீங்களா? ஒருத்தரு சாமிய மட்டும் எடுத்துக்கறேங்கறாரு. இன்னொருத்தரு மரத்த மட்டும் எடுத்துக்கறேங்கறாரு. நாங்க காப்புக் கட்றதாலதான் மரம் நிக்குது. மரம் நிக்கறதாலதான் ஊத்து இருக்குது. ஊத்து இருக்கறதாலதான் நாங்க இருக்கறோம். இத ஏன் ஆளுக்கு ஒண்ணா பிச்சிக்கறீங்க?"

பெரிய அதிகாரி ஃபைலை மூடினார். "நான் வந்து பாக்கறேன்" என்றார்.

மூன்றாம் நாள் வந்தார். விளிம்பில் நின்று ஷூவையும் பெல்ட்டையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி டிரைவரிடம் கொடுத்தார். உள்ளே போனார். ஊற்றில் ஒரு கை அள்ளிக் குடித்தார், மறுபடியும் ஒரு கை. வெளியே வந்ததும் ஜீப்பின் மீது காகிதத்தை வைத்து எழுதினார். குத்தகை இல்லை. வேலியும் இல்லை. கோயில் காடு என்ற பெயரில் பொது நிலமாக இருக்கும், ஊர்க்காரர்களின் பழைய விதிப்படி. இரண்டு வாரத்துக்குள் எல்லைக்கல் நட வேண்டும். கல் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஓரத்தை அரிக்கலாம்.

பதினாறு கல்

அடுத்த வாரமே எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தூரத்து ஊர். வேலை மட்டும் போகவில்லை. காப்பாற்றியது பெரிய அதிகாரி என்று பின்னால் கேள்விப்பட்டேன். எனக்கு இருந்தது இரண்டு நாள்.

எல்லைக்கற்கள் ரோட்டோரம் வந்து இறங்கியிருந்தன. கருங்கல், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் கனம். அங்கிருந்து மணல்மேடு ஒரு மைலுக்கு மேல். மாட்டுவண்டி கேட்டால் எல்லாரும் வர மறுத்தார்கள். குத்தகை கேட்ட ஆள் வண்டிக்காரர்களிடம் பேசிவைத்திருந்தார். கல் நடாமல் நான் போய்விட்டால், அடுத்து வருபவர் யாரோ, எப்படியோ.

"கல்லுதானே? உப்பத் தூக்கறவங்களுக்குக் கல்லு ஒரு கனமா?" என்றார் அஞ்சலை.

தேசப்பன் குப்பத்திலிருந்து துடுப்புக் கழிகளைக் கொண்டுவந்தார். கல்லைக் கயிற்றில் கட்டி, கழியில் தொங்கவிட்டு, முன்னால் இருவர் பின்னால் இருவராகத் தூக்கினார்கள். பெண்களும் ஆண்களும் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். பாத்தி வரப்பின் மீது ஒற்றை வரிசையாகப் பதினாறு கல் போனதைப் பார்த்தேன். ஒருவருக்கு வரப்பு சரிந்து கால் உள்ளே போயிற்று. எழுந்து மறுபடி தோளில் வைத்தார்.

கடப்பாரை இரும்பு. அதனால் காட்டுக்கு வெளிப்பக்கம் நின்றே குழி தோண்டினார்கள். நான் ஒவ்வொரு கல்லுக்கும் அளவு சொல்லி, நேராக நிற்கிறதா என்று தூக்குக் குண்டு பிடித்துப் பார்த்தேன். அந்தக் கற்களுக்கு உள்ளே இன்றும் காடு நிற்கிறது என்று இப்போதும் அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்கள் சொல்கிறார்கள். ஊற்றில் இன்றும் தண்ணீர் எடுக்கிறார்களாம்.

இரண்டாம் நாள் பிற்பகல். பதினைந்து கல் முடிந்திருந்தது. பிலோமினா பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைசிக் கல்லை நட்டு மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். எல்லார் கையிலும் கயிறு அறுத்த தடம். அஞ்சலை தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரியா இருக்குதா சார்?"

குண்டைத் தொங்கவிட்டேன். "ஒரு விரற்கடை சாஞ்சிருக்குதும்மா. பரவால்ல, இவ்வளவு போதும்."

கன்னியப்பன், "பஸ்ஸு வந்துடும் சார்" என்றார்.

அஞ்சலை கல்லைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார்.

"பஸ்ஸு நாளைக்கும் வரும். புடுங்குங்க" என்றார்.

பிடுங்கி, குழியைச் சீராக்கி, மறுபடி நட்டார்கள். நானும் மண்ணை மிதித்தேன்.